குறுக்குக் காற்று

"ஜன்னலைச் சாத்துடா ராதிசாவ்! எங்களைக் கொன்னுட்டு யாரோட டோமினோ ஆடப் போற?"

மிலுதின் கத்தினான். கம்பளித் தொப்பி, கையுறை, கோட்டு எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஜனவரி மாதம். வெளியே முழங்கால் அளவு பனி.

"அடுப்பு புகையுது. நான் என்ன செய்ய?" என்றான் ராதிசாவ்.

"அடுப்பையே நீ பத்த வைக்கலையேடா!"

ராதிசாவ் எங்கள் பிரோட் ஊர் ஓய்வூதியர் சங்கத்தின் சாவியை வைத்திருப்பவன். அந்தக் குளிர்காலத்தில் அவனுக்கு என்ன ஆயிற்றோ, எதிரெதிர் ஜன்னல் இரண்டையும் திறந்து போட்டுவிடுவான். எங்கள் ஊரில் குண்டுக்குப் பயப்படாதவன்கூடக் குறுக்குக் காற்றுக்குப் பயப்படுவான். கழுத்து வலி, காது வலி, எல்லாப் பழியும் அதன்மேல்தான். போதாததற்கு, சுவருக்குப் புதிதாக வெள்ளை அடித்திருக்கிறது என்று சிகரெட்டுக்கும் தடை.

"விறகை மிச்சம் பிடிச்சு வீட்டுக்குக் கொண்டுபோறான், கஞ்சப்பய," என்றான் ஜிவ்கோ.

எனக்கோ அந்தக் காற்று அமிர்தம்.

அக்டோபரில் எனக்குப் புராஸ்டேட்டில் புற்றுநோய் என்றார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி. ஆண் ஹார்மோனை அடியோடு நிறுத்திவிடும். நீஷ் நகரத்து டாக்டர் பெண் அப்போதே சொன்னாள்:

"ஓப்ரென் மாமா, அந்த ஹார்மோன் போனா ரத்தக்குழாய்க்குக் கட்டுப்பாடு போயிடும். திடீர்னு விரிஞ்சு முகம், கழுத்தெல்லாம் கொதிக்கும். நாளாக நாளாக நெஞ்சுக்குப் போற குழாய் இறுகவும் செய்யலாம். நல்லா நடங்க. சிகரெட் புகை பக்கமே போகாதீங்க."

அவள் சொன்னபடியே கொதித்தது. டோமினோக் காய் கையில் இருக்கும்போதே சட்டை நனைந்துவிடும்.

யாரிடமும் சொல்லவில்லை. தபால்காரன் ஸ்தானிமிருக்கு அந்த இடத்தில் ஆபரேஷன் ஆனபோது, "இனிமே நீ பொம்பளைங்க பக்கம் உட்காரு" என்றான் ஜிவ்கோ. எல்லோரும் சிரித்தோம். நானும்தான். ஸ்தானிமிர் அதன்பிறகு வரவே இல்லை.

மனைவி போன பிறகு நான் வாய்விட்டுப் பேசும் ஒரே இடம் அந்த மேஜைதான். விஷயம் தெரிந்தால் அதுவும் போய்விடும். அதனால் இரண்டாவது ஊசிக்குப் போகும்போது, நீஷில் இருக்கும் மகளைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனேன்.

அன்று ஆஸ்பத்திரி வேலை சீக்கிரம் முடிந்தது. தெரிந்தவர் ஒருவரின் காரில் இடம் கிடைத்தது. இரண்டு மணிக்கே சங்கத்துக்கு எதிரில் இறங்கினேன்.

ஜன்னல் இரண்டும் சாத்தியிருந்தன. கண்ணாடிக்குப் பின்னால் அடுப்பு செக்கச்செவேல் என்று எரிந்தது. மூன்று பேரும் கோட்டைக் கழற்றிவிட்டு, வாயில் சிகரெட்டோடு ஆடிக்கொண்டிருந்தார்கள்.

எனக்குச் சுருக்கென்றது. அப்படியானால் இத்தனை நாள் குளிர் என்னை விரட்டத்தானா? நேராகவே கேட்டுவிடலாம் என்று கதவுப் பக்கம் நடந்தேன்.

உள்ளே நாற்காலி உருண்டது.

"டேய், ஓப்ரென் வர்றான்டா!" ஜிவ்கோவின் குரல்.

"நாலு மணி பஸ்லதானடா வருவான்?" மிலுதினுக்குக் காது மந்தம், அவன் பேசினால் தெருவுக்கே கேட்கும். "அதுக்குள்ளயா ஊசி போட்டு முடிச்சுட்டாங்க?"

"மெதுவாப் பேசித் தொலை! அவன் காதுல விழுந்தா நாளையிலேர்ந்து வரமாட்டான். சிகரெட்டை அடுப்புல போடு. ராதிசாவ், தண்ணியை ஊத்தி அணைடா! என் கோட்டு எங்க?"

என் தலைக்குமேல் ஒரு ஜன்னல் படாரென்று திறந்தது. எதிர்ப்பக்கம் இன்னொன்று.

அவர்கள் கோட்டுப் பொத்தானைப் போட்டு முடிக்கட்டும் என்று, பூட்ஸில் ஒட்டிய பனியை வாசற்படியில் வெகுநேரம் தட்டிக்கொண்டு நின்றேன்.