உச்சி வெயிலில் ஓட்டம்

"உங்களுக்கு மனசாட்சின்னு ஒண்ணு இருக்கா?"

பள்ளி மைதானத்துக்குள் நுழையும்போதே அம்மா கத்தினாள்.

வெயில் மண்டையைப் பிளந்தது. ஏழாம் வகுப்பு மொத்தமும் மைதானத்தைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் விளையாட்டு டீச்சர். பிள்ளைகள் அவளுக்கு வைத்திருந்த பெயர் 'விசில்'.

"என் பொண்ணு ஒண்ணுக்குப் போனா ரத்தமா வருது. ஒரு வருஷத்துக்கு மேலயே வருது. அவளைப் போய் இப்படி விரட்டுறீங்களே, மயங்கி விழுந்தா யாரு பொறுப்பு?"

"நான்தான்," என்ற டீச்சர் மறுபடி விசிலை ஊதினாள். "யாரும் நிக்கக் கூடாது."

"திமிரைப் பாரு."

சத்தம் கேட்டுத் தலைமையாசிரியர் வேகமாக வந்தார்.

"என்ன டீச்சர் இது? சோதனை பண்ண வந்த சுகாதாரத் துறைக்காரங்க காலையிலேருந்து வராண்டாவுல காத்துக் கிடக்குறாங்க. சிறுநீரைப் பிடிச்சுக் கொடுத்து அனுப்பாம, ஓட்டப் பந்தயமா நடத்துறீங்க?"

"காத்திருக்கட்டும் சார்."

"நல்லா கேளுங்க சார்," என்றாள் அம்மா. "கல் நெஞ்சு."

டீச்சர் விசிலை வாயிலிருந்து எடுத்தாள். முகம் சிவந்தது.

"போன வருஷமும் இதே ஆளுங்கதான் வந்தாங்க. காலையில முதல் பீரியட்லயே சிறுநீரை வாங்கிப் பார்த்துட்டு, யாருக்கும் புழு இல்லைன்னு போயிட்டாங்க. மாத்திரையே வரலை. உங்க பொண்ணு லீவுக்காகப் பொய் சொல்றான்னு உங்களைக் கூப்பிட்டுச் சொன்னது யாரு?"

அம்மா தலைமையாசிரியரைப் பார்த்தாள். அவர் மரத்தைப் பார்த்தார்.

"சரி, அதுக்கும் ஓடுறதுக்கும் என்ன சம்பந்தம்?"

"ஆத்துல இறங்கினா தோல் வழியா உள்ள போற புழு அது. ரத்தக் குழாய்ல குடியிருக்கும். அதோட முட்டை உச்சி வேளையிலதான் சிறுநீர்ல நிறைய வரும். ஓடினா இன்னும் வரும். முட்டை மைக்ராஸ்கோப்புல தெரிஞ்சாத்தான் மாத்திரை. இன்னிக்கும் தெரியலைன்னா, அடுத்த வருஷம் வரைக்கும் ரத்தம்தான்."

"இதை என்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாமே," என்றார் தலைமையாசிரியர்.

"சொன்னேன் சார். அவங்க சாப்பாட்டுக்கு முன்னாடி கிளம்பணும்னீங்க."

அதற்குள் மகள் மூச்சிரைக்க ஓடிவந்து அம்மாவின் தோளில் சாய்ந்தாள். "வீட்டுக்குப் போயிடலாம்மா."

அம்மா செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டாள். மகளின் கையை இறுகப் பிடித்தாள்.

"வீடா? ஓடுடி. நானும் கூட வரேன்."