எதிர் வீட்டுப் புகைபோக்கி

"அநியாயத்தைப் பாத்தியா நோர்மா? இந்தக் குளிர்காலம் பூரா அடுப்பே மூட்டாத மனுஷன், பாத்துப் பாத்து இன்னிக்கா பத்த வைக்கணும்?"

ஜன்னலருகே நின்று கிளாடிஸ் கத்தினாள். எதிர் வீட்டு ஒவீதியோவின் புகைபோக்கியிலிருந்து கரும்புகை குபுகுபுவென்று வந்து தெருவை மூடிக்கொண்டிருந்தது.

காலையிலிருந்து ரேடியோவில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். சிலி நாட்டின் தெமுக்கோ நகரத்துக்கு இன்று புகை எச்சரிக்கை. காய்ந்த விறகை மட்டும் எரியுங்கள், புகைபோக்கியில் புகை தெரிந்தால் அபராதம் என்று.

"அவன் மகா கஞ்சனாச்சே!" என்றாள் ரொட்டி கொண்டுவந்த பக்கத்து வீட்டு நோர்மா. "மூணு கோட்டு போட்டுக்கிட்டுத் தூங்கறானாம். விறகுக் காசை மிச்சம் பிடிச்சு என்ன கட்டிக்கிட்டுப் போகப் போறானோ! பஸ் ஓட்டறவனுக்குச் சம்பளமா இல்ல?"

தொட்டிலில் மைத்தே இருமினாள். கிளாடிஸ் ஓடிப்போய் அவள் நெஞ்சைத் தடவிக் கொடுத்தாள். மூச்சுத்திணறலோடு ஆஸ்பத்திரியில் கிடந்து, போன மாதம்தான் மீண்டு வந்த குழந்தை.

"டாக்டரம்மா என்ன சொன்னாங்க தெரியுமா? வீடு சூடாவும் இருக்கணும், துளி புகையும் ஆகாதுன்னு. இன்னொரு தடவை நெஞ்சுல ஏறிச்சுன்னா புள்ள தாங்காதுன்னு."

"உன் வீட்டுல ஏது புகை? அடுப்பு எரியறதே தெரியலையே!"

"எல்லாம் விறகு வியாபாரி பாயேசா கொடுத்த விறகு! என் வீட்டுக்காரர் ரூபென் வடக்கே சுரங்கத்துல கிடந்து அனுப்பின காசு. 'முனையில நீலப் பெயிண்ட் அடிச்சிருக்கும், அதான் பாயேசா சரக்கு, பாத்து வாங்கு'ன்னு போன்ல சொன்னார். குளிர் ஆரம்பிச்சப்பவே அப்படியே பாத்து இறக்கினேன். அன்னிக்கே இவளுக்கு மூச்சு இழுக்க ஆரம்பிச்சிடுச்சு. விறகை வாசல்ல போட்டது போட்டபடி ஓடினேன். திரும்பி வந்து பாத்தா, கொட்டகையில அழகா அடுக்கியிருக்கு! பாயேசா மாதிரி ஒரு மனுஷன் கிடைப்பானா?"

சொல்லிக்கொண்டே போனை எடுத்து நகராட்சிக்குப் புகார் கொடுத்தாள். தெருச் சங்கத்தின் செயலாளர் ஆயிற்றே! விறகில் ஈரம் பார்க்க ஆளாளுக்கு இரவல் வாங்கிப் போகும் சங்கத்துக் கருவி அவள் வீட்டில்தான் இருந்தது. அதையும் தூக்கிக்கொண்டாள்.

"நோர்மா, புள்ளையைப் பாத்துக்க. கையும் களவுமா பிடிச்சுட்டு வரேன்."

கதவைத் திறந்த ஒவீதியோவுக்குக் கண்கள் சிவந்திருந்தன. உடம்பைச் சுற்றி இரண்டு கம்பளி.

"அடேங்கப்பா, சங்கமே வீடு தேடி வந்திருக்கு! பாப்பா எப்படி இருக்கா?"

"வாயால கேட்டாப் போதுமாண்ணே? எதிர்ல ஒரு பச்சைப்புள்ள கிடக்கறது தெரிஞ்சுதானே பத்த வெச்சீங்க?"

"தப்புதான் தங்கச்சி. காய்ச்சல், நடுக்கம் தாங்கல. ஒரு டீ போடற வரைக்கும்தான்னு பத்த வெச்சேன். இதோ அணைச்சிடறேன்."

அவள் காதில் வாங்கவில்லை. அடுப்போரம் கிடந்த கட்டை ஒன்றில் கருவியின் ஊசிகளைக் குத்தினாள். முள் ஒரே தாவலாகச் சிவப்பில் போய் நின்றது.

"பிழிஞ்சாத் தண்ணி கொட்டும் போலிருக்கு! எந்தத் திருடன் வித்தான் இதை? பேரைச் சொல்லுங்க, சங்கத்துல வெச்சு நாறடிச்சிடறேன்."

"விடு தங்கச்சி. வாங்கினவங்க பாவம், ஏமாந்துட்டாங்க."

"வாங்கினவங்களா? ஏன், நீங்க வாங்கலையா?"

ஒவீதியோ அவசரமாக அடுப்பை அணைக்கக் குனிந்தார்.

கிளாடிஸ் கையிலிருந்த கட்டையைத் திருப்பினாள். முனையில் நீலப் பெயிண்ட். குனிந்து இன்னொன்றை எடுத்தாள். அதிலும் நீலம்.

காலையில் தன் அடுப்பில் வைத்த கட்டை ஞாபகம் வந்தது. அதன் முனையில் ஒரு நிறமும் இல்லை. குழந்தையே கதியென்று கிடந்ததில், இத்தனை நாளும் அவள் அதைக் கவனிக்கவே இல்லை.

"அண்ணே... என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?"

"நீ ஆஸ்பத்திரியில இருந்தப்ப மழை பிடிச்சுக்கிச்சு. உள்ள அடுக்கிடலாம்னு தூக்கினேன். கனத்திலேயே தெரிஞ்சுபோச்சு, வெட்டி நாளாகாத பச்சை மரம். என்கிட்ட போன வருஷத்து விறகு நல்லாக் காய்ஞ்சு கிடந்துச்சு, மாத்தி வெச்சேன். ரூபென் காசு போச்சுன்னு தெரிஞ்சா நீ இடிஞ்சு போயிடுவியேன்னு வாயைத் திறக்கல."

"அப்போ குளிர்காலம் பூரா நீங்க அடுப்பு மூட்டாதது..."

"இந்த விறகை எரிச்சா புகை நேரா உன் ஜன்னலுக்குத்தானே வருது?" என்று சொல்லிவிட்டு இருமினார். கிளாடிஸுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

வாசலில் ஜீப் வந்து நின்றது. நகராட்சி அதிகாரி அபராதச் சீட்டோடு உள்ளே வந்தார்.

"புகார் வந்திருக்கு. இந்த ஈர விறகு யாரோடது?"

"என்னோடதுதாங்க" என்றார் ஒவீதியோ முந்திக்கொண்டு.

கிளாடிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு குறுக்கே வந்து நின்றாள்.

"பொய் சொல்றார் சார். இது நான் வாங்கின விறகு, சீட்டுல என் பேரை எழுதுங்க. எழுதிட்டு, தூக்கிட்டு வர எனக்கு ஒரு கை கொடுங்க சார், இவரோட விறகு என் கொட்டகையில இருக்கு."