எருக்கஞ்சாறு விட்ட இரண்டு தட்டுகள்

எருக்கஞ்செடிக்கு யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை. ஆய்வகத்தைப் பெருக்கும் செங்கமலம் மட்டும் ஊற்றினாள். அவளுக்கு மார்பில் புற்று என்று தெரிந்ததும், சன்னலோரச் செடி தன் இலைகளையெல்லாம் ஆய்வுக்குக் கொடுத்துவிட்டது.

“என் சாறு பட்டுப் புற்றணுவெல்லாம் என்னாச்சுண்ணே?” என்று உள்ளே புற்றணுக்களை வளர்த்திருந்த கண்ணாடித் தட்டைக் கேட்டது.

“அத்தனையும் செத்துப்போச்சு தங்கச்சி.”

“என்னையப் போய்க் களைன்னானுங்களே! இனி அக்கா பொழச்சுக்கும்.”

பக்கத்துத் தட்டில் நோயில்லாத நல்ல உயிரணுக்களை வளர்த்து, அதிலும் அதே சாற்றை விட்டிருந்தார்கள்.

“நீ ஏன் வாயே தொறக்கல?” என்று செடி அதை அதட்டியது.

“இங்கயும் யாரும் உசுரோட இல்லம்மா.”



காலையில் செங்கமலம் வந்தாள். மருந்தில் முடி கொட்டிய தலையில் துணியை இழுத்துவிட்டுக்கொண்டு, “நீயுமாடி மொட்டையாயிட்ட?” என்று வழக்கத்தைவிட ஒரு குவளை கூடுதலாகத் தண்ணீர் ஊற்றினாள்.