பாளையக்காரர் காலத்துப் புலவர்

அம்மையப்பன் அண்ணனின் போனை ஜெயசீலன் கையில் திணித்துவிட்டு, ரூமில் இருந்தவர்கள் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள்.

ஊரில் இருக்கும் அவர் மனைவி பூவாயியிடம் சொல்லியாக வேண்டும். காலையில் முசஃபா சைட்டில் கம்பி கட்டிக்கொண்டிருந்த அண்ணன் இந்த அரபு நாட்டு வெயிலில் சுருண்டு விழுந்ததையும், ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துபோனதையும்.

ஒரே ஜில்லாக்காரன் என்பதால் அது ஜெயசீலன் தலையில் விழுந்தது. சாவுச் சேதி சொல்ல எவனுக்கு நாக்கு எழும்?

கேம்ப்பையே சிரிக்க வைத்த மனுஷன். இரண்டு வருஷமாக லீவு கேட்டும் கிடைக்கவில்லை, அதற்கும் சிரித்தார். தினமும் மத்தியான இடைவேளையில் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் ஒதுங்கி வீட்டுக்கு ஐந்து நிமிஷம் பேசுவார். திரும்பி வந்து சோற்று டப்பாவைத் திறக்கும்போது ஒரு நக்கலை எடுத்துவிடுவார்.

எல்லாம் அவர் ஊர்ப் புலவர் சொன்னதாம். ஆயிரத்து எழுநூற்றுச் சொச்சத்தில் வாழ்ந்தவராம். பாளையக்காரரையே நையாண்டி பண்ணிவிட்டு, சோற்றுக்கு இல்லாமல் செத்தவராம்.

மெஸ் சாம்பாரைப் பார்த்தால், அரண்மனைக் குழம்பில் பருப்பும் அரசன் நெஞ்சில் ஈரமும் இருப்பதாகச் சொன்னவன் உண்டு, கண்டவன் இல்லை என்பார்.

ஃபோர்மேன் குடைக்குள் நின்று விரட்டினால், நிழலில் நிற்கிறவனுக்கு எந்த வெயிலும் இளவெயில்தான் என்பார். மொழி புரியாத ஃபோர்மேனும் சேர்ந்து சிரிப்பான்.

அடுத்த லீவில் அந்தப் புலவர் சமாதிக்கு ஒரு மாலை போடுவதாக ஜெயசீலன் வாக்குக் கொடுத்திருந்தான். அண்ணன் அதற்கு மட்டும் ஒரு மாதிரி சிரித்தார்.

நம்பரை அழுத்தினான். விரல் பட்டு ஸ்பீக்கர் ஆனாகிவிட்டது. ஒரே ரிங்கில் எடுத்தாள் பூவாயி. இவன் வாயைத் திறக்கவே விடவில்லை.

“ஏன் மாமா இன்னைக்கு இவ்வளவு நேரம்? சரி, கேட்டுக்கங்க. முதலாளிகிட்ட லீவு கேட்டு நிக்கிறதுக்கு எமன்கிட்ட கேட்டா அன்னிக்கே குடுத்துருவானாம். வழக்கம்போல புலவர் சொன்னதாவே சொல்லுங்க. நான் சொன்னேன்னு சொல்லிறாதீங்க.”

பழக்கதோஷம், பக்கத்துக் கட்டில் முனியசாமிக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்துவிட்டது. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதான்.

அந்தப் பக்கம் அவள் சிரிப்புக்காகக் காத்திருந்தாள்.

“என்ன மாமா, சிரிப்பக் காணோம்?”