சேவுகா என்று கூப்பிடுவாள்

“என்னங்க” என்று ஒரு குரல் வார்டுக்குள்ளிருந்து வந்தது. கம்மிப்போன பெண்குரல்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்ற ஆண்களில் இரண்டு மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள். நான் பார்க்கவில்லை.

அன்று காலையில்தான் என் மனைவி யோகலட்சுமியின் தொண்டைக் குழாயை எடுத்திருந்தார்கள். இனிப் பேசுவாள் என்றார் டாக்டர். உள்ளே ஒருவருக்குத்தான் அனுமதி, என் அக்கா அன்னக்கிளி இருந்தாள். என் பெயர் எப்போது வரும் என்று நான் வாசலிலேயே காத்து நின்றேன்.

யோகலட்சுமி என்னைச் ‘சேவுகா’ என்றுதான் கூப்பிடுவாள். கோபம் வந்தால் முழுசாக, சேவுகப்பெருமாள். காரைக்குடிச் சந்தையில் அப்படிக் கூப்பிட்டால் கத்தரிக்காய் விற்பவள்கூட நிமிர்ந்து பார்ப்பாள்.

கல்லூரியில் மானிடவியல் நடத்தினாள். ஆத்தங்குடிப் பக்கத்து வயல்களில் பெண்களோடு உட்கார்ந்து பேசி, கணவன் பெயரைச் சொல்லாத வழக்கத்தைப் பற்றிப் பத்திரிகையில் எழுதினாள். ரேஷன் கடையில் பெயர் கேட்டால் கூட வந்த பிள்ளையின் முகத்தைப் பார்ப்பார்களாம், அது சொல்லட்டும் என்று. ‘சொல்லாமல் விட்ட பெயர் எந்த உயிரையும் காப்பாற்றியதில்லை’ என்று அதில் ஒரு வரி. மாணவர்கள் அதை அவளிடமே சொல்லிக் காட்டுவார்கள்.

மானகிரியில் அக்கா வீட்டில் மட்டும் அது செல்லாது.

“ஏத்தா, பேரச் சொன்னா புருசன் ஆயுசு கொறையும். படிச்சவளுக்கு இதுகூடத் தெரியாதா?”

“அப்ப ஒங்க தம்பி எப்பவோ போயிருக்கணுமே மதினி. குத்துக்கல்லாட்டம்ல உக்காந்திருக்காக.”

அக்காவே சிரித்துவிட்டாள்.

வராந்தாவில் என் போன் அடித்தது. பத்திரிகையிலிருந்து. இந்த ஞாயிறும் அவள் கட்டுரை வராதா என்று கேட்டார்கள்.

“என்னங்க” என்று மறுபடியும் அந்தக் குரல். பாவம், யாருடைய புருஷன் எங்கே போய்த் தொலைந்தானோ என்று நினைத்தேன்.

அடுத்த வாரம் எழுதிவிடுவாள் என்று போனில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே நர்ஸ் ஒருத்தி என்னைத் தாண்டி உள்ளே ஓடினாள்.

நான் உள்ளே போனபோது யோகலட்சுமியின் கை வாசல் பக்கம் நீண்டு கிடந்தது. அக்கா அதைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

காரியமெல்லாம் முடிந்து, ஊருக்குப் பஸ் ஏறும்போதுதான் அக்கா சொன்னாள்.

“என்னங்க, என்னங்கன்னே கூப்புட்டாடா. பேரச் சொல்லுத்தா, அப்பத்தான் அவனுக்குக் கேக்கும்னு நாந்தேன் சொன்னேன். வேணாம் மதினின்னு தலைய ஆட்டிட்டா.”