மூச்சுக்கு ஓர் இடம்

"நில்லுப்பா வஸீம்! இப்படி ஓடினா என் பொண்ணு எங்க மூச்சு வாங்குவா?"

அலெக்சாந்திரியா இளையோர் இசைக்குழுவின் ஒத்திகையில் முன்வரிசையிலிருந்து அதட்டினாள் இன்ஆம். இன்றைய சிறப்புப் பாடகி அவள் மகள் ரீஹாம்.

"தப்புதான் ஆன்ட்டி," என்றான் குழுவை நடத்தும் வஸீம். "எங்க நிக்கணும்?"

"அந்த உச்ச ஸ்தாயிக்கு ஏறுறதுக்கு முன்னாடி. டேய் டிரம்பெட், கப்பலுக்கா சங்கு ஊதுற? அவ குரலை முழுங்கிடாதே!"

பிள்ளைகள் யாரும் சிரிக்கவில்லை.

மாலையில் அரங்கு நிறைந்தது. அந்த இடம் வந்ததும் வஸீமின் கோல் அந்தரத்தில் நின்றது, வயலின்கள் காத்திருந்தன. இன்ஆம் மூச்சை இழுத்துப் பிடித்தாள். பிறகு வாத்தியங்கள் மட்டும் மெல்ல மேலே ஏறின.

மேடை நடுவில் கறுப்பு நாடா கட்டிய ரீஹாமின் படம். அவள் இறந்து நாற்பதாம் நாள் நினைவு நிகழ்ச்சி அது.

"கடைசியில குரல் கொஞ்சம் நடுங்கிடுச்சோ?" என்று கச்சேரி முடிந்ததும் கேட்டாள் இன்ஆம்.

"இல்ல ஆன்ட்டி," என்றான் வஸீம். "அசையாம நின்னுச்சு."