உரியாத பூச்சு

மவுண்ட் ரோஸ்கில் வீட்டுச் சமையலறை. துப்பாக்கி லைசன்ஸ் கிடைத்ததும் தனதாகப் போகும் வேட்டைத் துவக்கின் குழலுக்குக் கறுப்புப் பூச்சு அடித்து, ஓவனில் வைத்திருந்தான் பிரதாபன்.

"மலிவான பூச்சு உரிஞ்சுபோம். இது சூட்டில இறுகினா ஆயுசுக்கும் போகாது."

வெக்கையிலும் கழற்றாத முழுக்கைச் சட்டையை இழுத்துவிட்டபடி, "இதுக்குள்ளதானே நான் கேக்கும் சுடவேணும்," என்றாள் மனைவி லோஜனா.

"கன கதை வேண்டாம். பின்னேரம் பொலிஸ் வந்தா சிரிச்சுக்கொண்டு நில்."

லைசன்ஸ் விசாரணைக்கு வந்த பொலிஸ்காரர், வழக்கப்படி பிரதாபனை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு அவளிடம் கேட்டார்.

"உங்கள் கணவரிடம் துவக்கு இருந்தால் உங்களுக்குப் பயமா?"

கலியாணமான நாளிலிருந்து அவளிடம் அப்படி ஒருவரும் கேட்டதில்லை.

லோஜனா சட்டைக் கையைச் சுருட்டினாள். ஓவன் கம்பிகளில் அழுத்திப் பிடித்ததன் சூட்டுத் தழும்பு, வரிவரியாக முழங்கை வரை ஏறியிருந்தது.

அது ஆயுசுக்கும் போகாது.